ஜோடியாகக் காணாமல் போவது

அன்புள்ள ஐயா,
பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். பாக்டீரியா அளவுள்ள மூலக்கூறை ஜெர்மனியில் படம் பிடித்துவிட்டார்கள் என்று மாணவன் ஒருவன் கொண்டுவந்து காட்டினான். பார்த்தால் வரிசையாகப் புள்ளிகள், நடுவில் சில இடங்கள் காலி. மூலக்கூறையே காணோம்! இவ்வளவு பெரியதை மூலக்கூறு என்று பாடத்தில் சொல்லலாமா? இதனால் என்ன பயன்?
ர.

அன்புள்ள ர.,

பயன் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். ஆசிரியரே அதைக் கேட்டால் பையன்கள் வேறு என்ன கேட்பார்கள்?

எதற்கும் போட்டோ காட்டு, அப்போதுதான் நம்புவேன் என்கிற பழக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்ச காலமாகவே எரிச்சல். உங்கள் கடிதம் சரியாக அங்கே கை வைத்தது.

அந்தச் சோதனை கார்ஷிங்கில், மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் நடந்தது, வெளியானது 2019இல். லேசர் ஒளியாலான சதுரக் கட்டங்களில் கடுங்குளிர் ருபிடியம் அணுக்களைக் கட்டத்துக்கு ஒன்றாக உட்கார வைத்தார்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டுக்கும் இடைவெளி 0.75 மைக்ரோமீட்டர். சரியான அதிர்வெண்ணில் புற ஊதா லேசரைப் பாய்ச்சினால் இரண்டும் சேர்ந்தே ரைட்பெர்க் நிலைக்கு, அதாவது வெளி எலெக்ட்ரான் கருவை விட்டு வெகுதூரம் தள்ளிநிற்கும் உயர் ஆற்றல் நிலைக்கு, ஏறி ஒன்றோடொன்று பிணைகின்றன. பிறகு ஜோடியாகக் கட்டத்தை விட்டே போய்விடும். மிச்சமுள்ள அணுக்களை ஒளிரவைத்துத்தான் படம் எடுக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்காருவார். ஒருவன் வராததை லட்சியம் செய்யமாட்டார். காய்ச்சலாக இருக்கும், மாமா வீட்டுக் கல்யாணமாக இருக்கும். குறிப்பிட்ட இரண்டு பேருக்கு மட்டும் அதே தேதிகளில் திரும்பத் திரும்ப ஆப்சென்ட் விழுந்தால் பிரம்பை எடுப்பார். மேட்டினி ஷோ கொட்டகையை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. நீங்களும் தினமும் அட்டெண்டன்ஸ் எடுப்பவர்தானே அம்மா?

அந்தப் படத்திலும் அப்படித்தான். ஒற்றை ஓட்டைக்கு, அதாவது காலிக் கட்டத்துக்கு, ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லவில்லை. படம் படமாக எடுத்து, எந்தத் தூரத்தில் ஓட்டைகள் ஜோடி சேர்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். மூலைவிட்டத்தில் சேர்ந்தன. லேசரின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் ஜோடிகள் நின்றன. இன்னும் நகர்த்தினால் மறுபடி வந்தன. இப்படி 50க்கும் மேற்பட்ட அதிர்வு நிலைகள், அதாவது பிணைந்த இரண்டு அணுக்களும் அதிரக்கூடிய தனித்தனி ஆற்றல் படிகள். எந்த நிலையைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப மூலக்கூறு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதும் மாறியது. இதற்குமேல் எந்தப் போட்டோ வேண்டும் உங்களுக்கு?

மூலக்கூறுதானா என்பதற்கு: பிணைப்பு நீளம் இருக்கிறது, சுமார் 0.7 மைக்ரோமீட்டர், ஆக்சிஜனுடையதைப் போல ஏறத்தாழ 6000 மடங்கு. அதிர்வு நிலைகளும் இருக்கின்றன. எலெக்ட்ரான் மேகங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை; தூரத்தில் இருந்தபடியே மின்விசையால் பிடித்துக்கொள்கின்றன. சகப்பிணைப்பு நடத்தும் அன்றைக்கே இதையும் சொல்லிவிடுங்கள், பாடத்திட்டம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பிளஸ் டூ பரபரப்பில் ஒரு பையன் இதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவருகிறான் என்றால் நீங்கள் நன்றாகத்தான் பாடம் நடத்துகிறீர்கள். அவனைக் கூப்பிட்டு, லேசர் அதிர்வெண் மாற மாற அணு இழப்பு ஏறி இறங்கும் வரைபடத்தைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள். உச்சிகளை இரண்டு பேருமாக எண்ணுங்கள்.