செவுத்துல 28 காட்டுது, வீடு தாங்குமா?

கேள்வி: வணக்கம் சார், மன்னார்குடி பக்கம் வாய்க்கால் ஓரமா எங்க வீடு, கட்டி 11 வருஷம் ஆச்சு. ஹால் செவுத்துல அடியிலேருந்து இடுப்பு உயரம் வரைக்கும் ஓதம் ஏறி பெயிண்ட் உப்பிக்கிட்டு உதிருது. பெயிண்டர் ஒருத்தர் ரெண்டு ஊசி வச்ச, ஈரம் பாக்குற மீட்டர செவுத்துல குத்தி 28 காட்டுது, கெமிக்கல் அடிச்சே ஆகணும், 60,000 ஆகும்ங்கிறார். கொள்முதல் நிலையத்துல ஈரம் 17 சதவீதம் தாண்டினாலே நெல்ல திருப்பி அனுப்புறாங்க, செவுரு 28ன்னா என்ன கதி?

பதில்: அம்மா, மொதல்ல அந்த 17ஐ மறந்துடுங்க. நெல்லு மெஷின் நெல்லுக்குன்னு அளவு வச்சது (அதுலயே நம்மாளுங்க படுற பாடு தனிக்கதை). ஊசி மீட்டர் பெரும்பாலும் மரத்துக்கு அளவு வச்சது, ரெண்டு ஊசிக்கு நடுவுல கரண்ட் எவ்வளவு சுலபமா போகுதுன்னு பாத்து மரக்கணக்குல ஒரு நம்பர் சொல்லும், அவ்வளவுதான். செவுத்துல 28 சதவீதம் தண்ணின்னு அதுக்கு அர்த்தமே கிடையாது. அதுவும் உங்க செவுத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கும் பாருங்க, அந்த உப்பு கரண்ட நல்லா கடத்தும், அதனால ஈரம் கம்மியா இருந்தாலும் மீட்டர் எகிறும். அதே மீட்டர மாடி ரூம்ல நல்லா காஞ்ச செவுத்துலயும் குத்திக் காட்டச் சொல்லுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி.

நெசமான கணக்கு வேணும்னா எடை போட்டுத்தான் பாக்கணும். தரையிலேருந்து அரை அடி, 3 அடி, 6 அடி உயரத்துல உளியால பூச்சுக்குள்ளேருந்து ஒரு சில்லு எடுங்க, டிரில் போடாதீங்க, அந்த சூட்டுலயே ஈரம் போயிடும். எடுத்த கையோட ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க. நகைக்கடை தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்துட்டு, ஓவன்ல 105 டிகிரில எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் காய வச்சு திரும்ப நிறுங்க. 50 கிராம் 48 ஆச்சுன்னா போனது 2 கிராம் தண்ணி, அத 48ஆல வகுத்தா 4 சதவீதம் சொச்சம். சிமெண்ட் பூச்சுக்குத்தான் இந்த சூடு, ஜிப்சம்னா வேணாம், அதோட சேர்ந்தே இருக்குற தண்ணியும் கழண்டு கணக்கு தப்பும்.

கீழ அதிகமா, மேல போகப்போக கொறையுதுன்னா மண்ணுலேருந்து ஏறுற ஓதம்தான். நடுவுல ஒரு எடத்துல மட்டும் அதிகம்னா கெமிக்கல் டப்பாவ தொறக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் பைப்ப பாருங்க.

இன்னொண்ணு, எப்போ அளக்குறீங்கங்கிறது முக்கியம். மேட்டூர் தண்ணி வந்து வாய்க்கால் ஓடுறப்போ ஒரு தடவை, சித்திரை வைகாசில வாய்க்கால் காஞ்சு கெடக்குறப்போ அதே எடத்துக்குப் பக்கத்துல இன்னொரு தடவை பாருங்க. கோடையில நல்லா இறங்குச்சுன்னா வாய்க்கால் தண்ணி மேலதான் எனக்கு சந்தேகம், அஸ்திவாரத்து மேல ஓதம் தடுக்குற பட்டை போட்டாங்களான்னு கட்டுன மேஸ்திரிய கேளுங்க. அதுவரைக்கும் ஈரச் செவுத்து மேல எதையும் பூசி மூடாதீங்க, வெளிய வர வழியில்லாத ஈரம் இடுப்புல நிக்காது, சுவிட்ச் போர்டு உயரத்துக்கு ஏறிடும்.