இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்: ஜோடிப் பூனைகளுக்கு வீடு தேடுவது எப்படி?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தெருவில் கிடந்த இரண்டு குட்டிகளைத் தூக்கி வந்து வளர்த்தேன். ஒரே ஈற்றில் பிறந்தவை, இப்போது ஒன்றரை வயது. கடுவன் செம்பட்டை நிறம், யார் வந்தாலும் மடியில் ஏறிவிடும். பெட்டை கறுப்பு, ஆள் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். இரண்டு மாதத்தில் வேலைக்காக ஜெர்மனி போகிறேன். கேட்பவர்கள் எல்லாரும் கடுவனை மட்டும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் சேர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வேலையை இந்த வாரமே தொடங்க வேண்டும். ‘கடுவனை இப்போதைக்குக் கொடுத்துவிடுவோம், பெட்டைக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்ற யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டை வெளியே வருவதும் சாப்பிடுவதும் கடுவனைப் பார்த்துத்தான் என்றால், அவன் போன பிறகு இன்னும் ஒடுங்கிப்போகும். ஒளிந்தே கிடக்கும் பூனையைத் தேடி வந்து எடுப்பவர்கள் மிகக் குறைவு.

உண்மையில் அவை ஜோடிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூடப்பிறந்தவை எல்லாம் ஜோடி ஆகிவிடாது. உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்குகின்றனவா, ஒன்றின் தலையையும் காதையும் மற்றது நக்கிவிடுகிறதா, பக்கத்துப் பக்கத்தில் நிம்மதியாகச் சாப்பிடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோனால் மற்றது கத்திக்கொண்டு அறை அறையாகத் தேடினால், சோற்றைத் தொடாமல் இருந்தால், பிரிக்கக் கூடாத ஜோடி. ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு, எதிரே வந்தால் சீறுகிறவை என்றால், தனித்தனி வீடுதான் இரண்டுக்குமே நல்லது. அதில் குற்ற உணர்வு வேண்டாம்.

அடுத்தது மருத்துவம். இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. அண்ணன் தங்கை என்பதெல்லாம் பூனைக்குக் கிடையாது. நான்கைந்து மாதத்திலேயே பெட்டை சினையாகலாம். பிறகு, மூன்று வைரஸ் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் டிரைகேட் தடுப்பூசி, வெறிநாய்க்கடி தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி., ரத்தப் புற்றை உண்டாக்கக்கூடிய எஃப்.இ.எல்.வி. ஆகிய இரண்டு வைரஸ்களுக்குமான ரத்தப் பரிசோதனை. இந்தக் கிட் பரிசோதனைக்குச் சில துளி ரத்தம் போதும், முடிவு அங்கேயே சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தயங்குகிறவரைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாலும் இந்தக் காகிதங்கள்தான். இரண்டையும் ஒரே நாளில், தனித்தனிக் கேரியரில் கொண்டுபோங்கள். ஒரே கூண்டில் அடைத்தால் பயத்தில் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் கொண்டுபோய்த் திரும்பினால், ஆஸ்பத்திரி வாடையை வைத்து வீட்டில் இருந்தது அதை அந்நியமாக நினைத்துத் தாக்குவதும் உண்டு.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே ‘இரண்டும் சேர்த்து மட்டும்’ என்று போடுங்கள். படமும் அப்படியே: பகல் வெளிச்சம், பூனையின் கண் மட்டத்தில் கேமரா, இரண்டும் ஒரே ஃபிரேமில். கறுப்புப் பூனை இருட்டான சோபாவில் கரைந்துவிடும், வெளிர்நிறப் போர்வையில் படுக்க வையுங்கள். ஒன்று மற்றதை நக்கிவிடும் அரை நிமிட வீடியோ பத்து படத்துக்குச் சமம். கடுவனைத் தனியாகப் படம் எடுத்துப் போட்டால் மறுபடியும் அவனைத்தான் கேட்பார்கள். பெட்டையின் கூச்சத்தை மறைக்க வேண்டாம், ‘பழக ஒரு மாதமாகும்’ என்று எழுதிவிடுங்கள்.

இரண்டு என்றதும் செலவும் வேலையும் இரட்டிப்பு என்று பயப்படுவார்கள். கணக்கை நீங்களே சொல்லுங்கள். நான்கு கிலோ பூனைக்கு உலர்தீவனம் நாளைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம், ஆக இரண்டுக்கும் மாதம் மூன்று, மூன்றரை கிலோ. தடுப்பூசிச் செலவு நிச்சயம் இரட்டிப்புதான். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒற்றைப் பூனை நாள் முழுக்கத் தனியாகக் கிடந்து சலித்துப்போகும், ஜோடி தனக்குள் விளையாடிக்கொள்ளும். ஏற்கெனவே பூனை வளர்த்து இழந்தவர்களையும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் நடுத்தர வயதுத் தம்பதிகளையும் தேடுங்கள்.

கேட்டு வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. நம் ஊரில் முக்கியமானது சாப்பாடு. சைவ வீடு என்றாலே தவிர்க்க வேண்டியதில்லை. பூனைத் தீவனம் வாங்கிப் போடுவார்களா என்பதுதான் கேள்வி. தயிர்சாதத்தில் வளர்க்கலாம் என்று நினைப்பவருக்குக் கொடுக்காதீர்கள். இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும்.

அடுத்து பால்கனியும் ஜன்னலும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். ஜன்னலுக்கு ஸ்டீல் வலை வேண்டும். வீடியோ கால் போட்டு ஒவ்வொரு ஜன்னலையும் காட்டச் சொல்லுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தைக் கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் தடுக்கிறது என்றால், வளர்ப்பு நாய்களைச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்ற விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலை எடுத்துக்காட்டிப் பேசலாம்.

புதுமணத் தம்பதி என்றால் ஒன்றைக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். கர்ப்பம் என்றதும் பூனையைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரலாம், ஆனால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் மலத்தொட்டியை வீட்டில் வேறு யாராவது சுத்தம் செய்தால், பூனையை விரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஆள் முடிவானதும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: இரண்டையும் பிரிக்கக் கூடாது, முடியாமல் போனால் உங்களிடமோ நீங்கள் சொல்லும் நபரிடமோ ஒப்படைக்க வேண்டும். முதல் மூன்று வாரத்தைப் பரீட்சைக் காலமாக வையுங்கள், அது முடியும்வரை நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். ஆக, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பூனைகள் புது வீட்டில் இருந்தாக வேண்டும்.

போகும்போது துவைக்காத படுக்கைத் துணியையும், பழைய தீவனத்தில் இரண்டு வாரத்துக்கு ஆனதையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள். மலத்தொட்டி மூன்று இருக்கட்டும், இரண்டுக்குக் குறையக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டருக்கு போன் போட வேண்டும், பட்டினி நீண்டால் கல்லீரல் கெடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். இதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். வீட்டுக்குள் வளர்ந்த பூனை பிழைக்காது. தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கெடுவுக்குள் வீடு அமையாவிட்டால், தீவனச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு இரண்டையும் தற்காலிகமாக ஒருவரிடம் விடுங்கள். பிறகு ஜெர்மனிக்கே வரவழைக்கவும் வழி இருக்கிறது: மைக்ரோசிப், அதன்பின் வெறிநாய்க்கடி தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து அந்த ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. சிப்புக்கு முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது. அதனால் இப்போது டாக்டரிடம் போகும்போதே முதலில் சிப்பைப் பொருத்தி, அதற்குப் பிறகு ஊசி போடச் சொல்லுங்கள்.