கனிம மணல் ஆலையில் வேலைக்குப் போனால் தாதுத் தூசியால் உடம்புக்கு ஆபத்து உண்டா?

உங்கள் தம்பி புல்மோட்டைப் பக்கம் கனிம மணல் பிரிக்கும் வேலைக்குப் போகப் போகிறார், பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலைக்காரன். அந்த ஆலையில் வேலை செய்ததில்லை, ஆனால் தாதுத் தூசி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தவன்.

என் மாமா ஏழு வருஷம் வெளிநாட்டில் ஒரு துறைமுகத்தில் ஈயத் தாது இறக்கினார். கழுவாத கையால் பணிஸ் சாப்பிடுவது, அதே கையால் பீடி பற்றவைப்பது, இதுதான் அவருடைய இடைவேளை. ஊருக்கு வந்த பிறகு ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு. காஸ்ட்ரிக் என்று மாதக்கணக்கில் குளிசை கொடுத்தார்கள். ஒருநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போனவருக்கு மணிக்கட்டு நிமிரவில்லை, கை அப்படியே தொங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி முரசைப் பார்த்தார். பல்லடியில் நீலக் கறுப்பாய் ஒரு கோடு, உடம்பில் ஈயம் ஏறியதன் அடையாளம். "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று அன்றுதான் முதல் தடவை ஒருவர் கேட்டார். இரத்தத்தில் ஈயம் குறைய ஒன்றிரண்டு மாதம் போதும், எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருஷம் இருக்கும்.

எல்லாத் தாதுவும் ஒரே மாதிரி இல்லை, அதனால் எந்தத் தாது என்று முதலில் கேளுங்கள். புல்மோட்டை மணலில் பெரும்பாலும் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன். இவை ஈயம் மாதிரி நஞ்சு இல்லை. ஆனால் கூடவே கொஞ்சம் மொனசைட்டும் இருக்கிறது, அதில் கதிர்வீச்சுள்ள தோரியம். கடற்கரை மணல் கரடானது, மூக்கைத் தாண்டாது. காய்ந்த மணலைக் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் பிரிக்கும் இடத்தில் எழும் மெல்லிய தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கல்லின் தூசியும் அப்படித்தான், வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் வருத்தம் வரும், வந்தால் குணமாகாது. அதனால் தம்பிக்கு ஈரமான பகுதியில் வேலையா, உலர்ந்த பகுதியிலா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வேறு தாதுக்கள் வேறு இடத்தில் பிடிக்கும். காட்மியம் சிறுநீரகத்தை. மங்கனீஸ் மூளையை: 1837 இலேயே கிளாஸ்கோவில் கூப்பர் என்ற வைத்தியர், மங்கனீஸ் தாது அரைத்த தொழிலாளர்கள் நடை தடுமாறி, பேச்சு குன்றிப் போனதை எழுதி வைத்திருக்கிறார்.

வாழைப்பழம், பனங்கட்டி சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். தயவு செய்து அதை நம்பி இருக்காதீர்கள், வயிற்றுக்குப் போவது நுரையீரலைக் கழுவாது. துணி கட்டுவதும் காணாது, என்95 மாதிரி முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தால் தூசி உள்ளே போகும்.

வேலையுடுப்போடு வீட்டுக்கு வரவே கூடாது. அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றி வரட்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம். தூசி வேலைத்தளத்தின் வாசலில் நிற்காது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுகத்தில் ஈயத் தாது ஏற்றும்போது பறந்த தூசியால் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன, ஊராரின் மழைநீர்த் தொட்டிகளிலும் ஈயம் இருந்தது.

சேருவதற்கு முன்பே நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுத்து அந்த ரிப்போர்ட்டை வீட்டில் வையுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் இருக்கும். எப்போதாவது ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று சிறுநீர் சோதித்தால் அதற்கு முந்திய மூன்று நாள் மீன், இறால், நண்டு தொடக் கூடாது, அவற்றில் இயல்பாக உள்ள கெடுதல் இல்லாத ஆர்சனிக் கணக்கைக் கூட்டிக் காட்டிவிடும். எந்த வருத்தத்துக்கு எந்த டொக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், தம்பி முதலில் தன் வேலையைச் சொல்லட்டும். மாமாவுக்குக் கை பாதிதான் திரும்பி வந்தது, சட்டைப் பொத்தானை இன்றைக்கும் மாமிதான் பூட்டிவிடுகிறார்.