மழலைகளுக்குக் கடலைக் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

பாலர் வகுப்பில் இருபது வருடம் பாடம் எடுத்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். நம் செட்டிநாட்டுப் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததே இல்லை.

டீச்சர், மகளுக்கு மூன்றரை வயசு. எங்கிருந்து தொடங்கலாம்? (காரைக்குடி)

மீன் கடையிலிருந்து தொடங்குங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே மீன் வாங்குகிறீர்கள்? அந்தச் சிவப்பை அவளுக்கும் காட்டுங்கள். "வாய் வழியாத் தண்ணி போகும், இது வழியா வெளியே வரும், மீன் இதுலதான் மூச்சு விடும்" என்றால் போதும். மீனுக்கு இமை இல்லை என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் நண்டின் கால்களை எண்ணச் சொல்லுங்கள். கொடுக்கோடு சேர்த்துப் பத்து வரும்.

ஊருணித் தண்ணியும் கடல் தண்ணியும் ஒன்றா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அக்கா. (தேவகோட்டை, அங்கன்வாடி)

அருமையான கேள்வி! இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். சாதாரணத் தண்ணீரில் நல்ல முட்டை மூழ்கிவிடும். கடலில் இவ்வளவு உப்பு கிடையாது, லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள்தானே என்று தப்பாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பேரன் திமிங்கல வீடியோ பார்த்ததிலிருந்து ராத்திரி அழுகிறான், தாயீ. (கானாடுகாத்தான்)

வீடியோவை நிறுத்திவிடுங்கள், ஆச்சி. திரையில் அளவு தெரியாது, பயம்தான் தெரியும். தெருவில் அவன் கையைப் பிடித்து 30 மீட்டர் நடந்து காட்டுங்கள். மிகப் பெரிய நீலத்திமிங்கலம் அவ்வளவு நீளம் வரும். "அவ்வளவு பெருசு, ஆனா கூனி மாதிரிப் பொடி இறாலைத்தான் தின்னும்" என்று சொல்லுங்கள், அவன் முகம் மாறும்.

அடுத்து வளவில் கோலமாவால் மூன்று மீட்டருக்கு ஒரு கடல்பசு வரையுங்கள். நம் பக்கத்துப் பாக் நீரிணையில் வாழ்வது. கடற்கரை மக்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சு விட மேலே வரும். இதற்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. அவனை அந்தக் கோலத்துக்குள் படுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை எந்தப் பிள்ளையும் அதற்குப் பயந்ததில்லை.

பல்லாங்குழிச் சோழியைக் கொடுக்கலாமா?

மூன்று வயசுக்குக் கீழே வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய பிள்ளைகளுக்கு, பக்கத்தில் இருந்துகொண்டு கொடுங்கள். அது ஓர் உயிரின் வீடாக இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

பாடம் நடத்தியபின் மகள் மீன் குழம்பைத் தொடமாட்டேன் என்கிறாள். (பள்ளத்தூர்)

கட்டாயப்படுத்தாதீர்கள். மீன் உயிரோடு இருந்ததுதான், நாம் சாப்பிடுகிறோம் என்பதும் உண்மைதான். அவள் யோசிக்கிறாள், யோசிக்கட்டும்.

தொண்டிக்குக் கூட்டிப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

காலையிலேயே போங்கள். மணலில் நண்டு வளையைத் தேடச் சொல்லுங்கள், சத்தம் போடாமல் உட்கார்ந்தால் நண்டு வெளியே வரும். உயிருள்ள சங்கு, சிப்பி எதையும் எடுக்க விடாதீர்கள், சில கூம்புச் சங்குகள் விஷம் பாய்ச்சும். கரையில் கிடக்கும் சொறிமீனையும் தொடக் கூடாது. அலைப் பக்கம் பிள்ளையின் கையை விடவே விடாதீர்கள்.