வாசகர் கேள்வி பதில்: முறிகண்டிக் கச்சானும் நாலு பியும்

கேள்வி: ஏ.எல். கொமர்ஸ் படிக்கிறன். சந்தைப்படுத்தல் கலவை எண்டு பொருள், விலை, இடம், மேம்படுத்தல் நாலையும் பாடமாக்கிட்டன், ஆனா ஒரு வியாபாரத்தைத் தந்து விளக்கச் சொன்னா ஒண்டும் எழுத வருகுதில்லை. (மாணவி, புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, நாலையும் (இங்கிலிஷில நாலும் P எழுத்தில துவங்கிறபடியா நாலு பி எண்டு சொல்லுறது) தனித்தனியா பாடமாக்கினதாலதான் இந்தக் கரைச்சல். ஏ9 றோட்டால போகேக்க முறிகண்டிப் பிள்ளையாரடியில பஸ் நிக்குமெல்லோ, அங்க கச்சான் விக்கிற ஒரு அம்மாவை எடுங்கோ. அவவுக்கு இடம் கோயிலடி, வாற வாகனம் எல்லாம் கும்பிட எண்டு எப்பிடியும் நிப்பாட்டும், ஆனா நிக்கிறது கொஞ்ச நேரம், அந்தக் கொஞ்ச நேரம்தான் மிச்ச மூண்டையும் தீர்மானிக்குது. கச்சான் முதலே பையில கட்டி இருக்கோணும், நிறுத்துக்கொண்டு நிண்டா பஸ் வெளிக்கிட்டிடும். விலை நூறு, இருநூறு எண்டு மாத்தின காசு தேடாத விலையா இருக்கோணும். மேம்படுத்தலுக்கு பேஸ்புக் ஒண்டும் தேவையில்லை, வறுக்கிற வாசமும் அவ கூப்பிடுற குரலும் காணும்.

இனி அதே கச்சானை கொழும்பில ஒரு சுப்பர்மார்க்கட்டில வைக்கப் போறா எண்டு யோசியுங்கோ. மாறினது இடம் ஒண்டுதான், ஆனா பொருளுக்கு காத்துப் போகாத பக்கற், லேபிள், காலாவதித் திகதி வேணும், லொறிச் செலவும் கடையின்ர லாபமும் விலையில ஏறும், வாசம் வெளியில வராது எண்டபடியா பக்கற்றைப் பாத்தே ஆள் எடுக்கோணும். விடையில இந்தத் தொடுப்பைத்தான் காட்டோணும், வரைவிலக்கணம் ரெண்டு வரி போதும்.

ஆர் சொன்னது எண்டு கேட்டா: சந்தைப்படுத்தல் கலவைக்கு மார்க்கற்றிங் மிக்ஸ் எண்ட பேரைப் பரப்பினது ஹாவார்ட் பேராசிரியர் நீல் போர்டன், அவற்ற பட்டியலில 12 விஷயம் இருந்தது. அதை நாலு பியாச் சுருக்கித் தந்தது ஜெரோம் மக்கார்த்தி, 1960ல வந்த தன்ர பாடப்புத்தகத்தில. பிலிப் கொட்லர் கண்டுபிடிச்சவர் எண்டு கன பிள்ளையள் எழுதுகினம், அவர் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் கொஞ்சப் பொம்பிளையள் சேந்து மோர்மிளகாய் போட்டு கிளிநொச்சிக் கடையளுக்குக் குடுக்கிறம். விற்பனை காணாது. விலையைக் குறைப்பமோ?

பதில்: அவசரப்படாதேங்கோ அக்கா. நாலு பியில காசு உள்ள கொண்டு வாறது விலை மட்டும்தான், மற்ற மூண்டும் செலவு. கணக்குக்கு ஒரு பக்கற் செய்ய 120 ரூபா முடியுது, கடைக்கு 160க்குக் குடுக்கிறியள் எண்டு வைப்பம், லாபம் 40. அதை 140 ஆக்கினா லாபம் 20, அப்ப பழைய லாபம் எடுக்கவே ரெண்டு மடங்கு விக்கோணும், அவ்வளவு மிளகாயை ஆர் காயவைக்கிறது, மாரியில வெயிலும் இல்லை. நீங்கள் குறைச்ச 20ஐ கடைக்காரர் வாங்கிற சனத்துக்குக் குறைப்பாரெண்டும் இல்லை. (அந்த 120க்குள்ள உங்கட கூலியைப் போட்டனீங்களோ? அநேகமா போட்டிருக்க மாட்டியள், போட்டுப் பாருங்கோ, பிறகு குறைக்கிற கதையே வராது.)

முதல்ல கடையில பக்கற் எங்க கிடக்குது எண்டு போய்ப் பாருங்கோ, அரிசி மூட்டைக்குப் பின்னால கிடந்தா ஆர் எடுக்கிறது. பிறகு ஆர் வாங்கினம் எண்டு கேளுங்கோ. வீட்டுச் சமையலுக்கு எடுக்கிற ஆளுக்கு சின்னப் பக்கற், குறைஞ்ச விலை. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்டு வெளிநாட்டால வாற ஆக்களுக்கு சூட்கேசுக்குள்ள வாசம் கசியாத தடிச்ச பக்கற் வேணும், அதுக்கு அவை கூடக் குடுப்பினம். மிளகாய் ஒண்டுதான், கலவை ரெண்டு. இன்னொண்டு, பக்கற்றில அடிக்கிற அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல கடையில விக்கேலாது, 2003ம் ஆண்டின் 9ம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி அது குற்றம், அதால கடைக்காரற்ற லாபத்தையும் யோசிச்சு அடியுங்கோ.

கேள்வி: மேம்படுத்தல் எண்டா விளம்பரம்தானே?

பதில்: விளம்பரம் அதில ஒரு பங்கு. ஆள் நேர நிண்டு விக்கிறது, ரெண்டு வாங்கினா ஒண்டு இலவசம் மாதிரி விற்பனை மேம்படுத்தல், மக்கள் தொடர்பு, வட்ஸ்அப்பில நேர ஓடர் எடுக்கிறது எல்லாம் சேரும்.

கேள்வி: சேர், நாலு பியோ ஏழு பியோ? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுது. (முதலாம் வருசம், வவுனியாப் பல்கலைக்கழகம்)

பதில்: விக்கிறது சேவை எண்டா ஏழு, தம்பி. 1981ல பூம்ஸ், பிட்னர் எண்ட ரெண்டு பேர் ஆக்கள், செயன்முறை, பௌதிகச் சான்று (கண்ணால பாத்து மதிக்கக்கூடியது) எண்டு மூண்டைச் சேத்தவை. கொழும்புக்கு இரவு பஸ் ஓடுறவரை யோசியுங்கோ, பயணத்தைத் தொட்டுப் பாத்து வாங்கேலாது, அதால சீற் புக் பண்ணுறது எவ்வளவு லேசு, கொண்டக்டர் எப்பிடிக் கதைக்கிறார், சீற் கிழிஞ்சிருக்கோ எண்டதை வச்சுத்தான் அடுத்தமுறை அதில ஏறுவமோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறம். 1990ல லோட்டர்போர்ன் எண்டவர் சொன்ன நாலு சியும் (இங்கிலிஷில C எழுத்தில துவங்கிற நாலு) வரும், அது இதையே வாங்கிறவற்ற பக்கத்தில நிண்டு பாக்கிறது: தேவை, அவருக்கு முடியிற செலவு, வசதி, தொடர்பாடல். அசைன்மென்ற்றில நாலு பியை எழுதி முடிச்சிட்டு ஒவ்வொண்டையும் சியால ஒருக்காச் சரிபாருங்கோ, எங்க பிழைக்குதெண்டு தெரியும்.