சோக்கை எடுத்தால் அணைந்துவிடும் புல்வெட்டி

கேள்வி: உதகையில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். முன்பக்கப் புல்தரைக்கு, தள்ளிக்கொண்டே போகும் பெட்ரோல் புல்வெட்டி வைத்திருக்கிறோம். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்தது. இப்போது பலமுறை கயிறு இழுத்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. புகை எதுவும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். ரிங் தேய்ந்த இன்ஜின் நீலப்புகை விடும், ஆயிலைக் குடிக்கும். உங்களுடையது இரண்டும் செய்யவில்லை. கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கை கனமாக உணர்ந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொன்னதில் முக்கியமான தடயம் சோக்தான். சோக் போட்டால் காற்று குறையும், பெட்ரோல் பங்கு கூடும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரில் சமவெளிக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள திருகு) இருந்தால், அங்கே கிடைக்கும் காற்றுக்கு அது அதிகமாகவே பெட்ரோல் கொடுக்கும். அப்படியிருந்தும் உங்கள் இன்ஜின் சோக் இல்லாமல் ஓடவில்லை என்றால், பெட்ரோல் வரும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது என்பதால் ஸ்பார்க் இருக்கிறது. புது பிளக் வாங்கிப் போட்டாலும் இந்தக் கோளாறு தீராது.

காரணம் பெரும்பாலும் டேங்கில் தங்கிய பழைய பெட்ரோல். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். உதகையின் மழையும் மூடுபனியும் அதற்குப் போதும். அளவுக்கு மீறி நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். மீதிப் பெட்ரோல் ஆவியாகி, ஜெட்டில் பிசின் மாதிரிப் படியும். ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, லேசான படிவே அடைக்கப் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிளேடு பக்கம் கை போகாவிட்டாலும் இதைத் தவிர்க்காதீர்கள். திறந்த வெளியில், அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் பழைய பெட்ரோலை முழுவதும் வடியுங்கள். அப்புறம் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். பல மாடல்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் திரவம் தெரிந்தால் கோளாறு கையில் கிடைத்த மாதிரிதான்.

மெயின் ஜெட்டையும் சிறிய பைலட் ஜெட்டையும் கழற்றி, கார்புரேட்டர் க்ளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டவே வேண்டாம், துளை பெரிதானால் ஜெட் பாழ். மின்வயரில் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். க்ளீனர் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் எரியும்.

பிளக்கையும் கழற்றியதோடு துடைத்து இடைவெளியைப் பாருங்கள். இவ்வகை இன்ஜின்கள் பலவற்றில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். மெஷினைச் சாய்க்க நேர்ந்தால் கார்புரேட்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, இன்னொரு ஸ்டார்ட்டிங் தொல்லை சேரும்.

சுத்தம் செய்து புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகு மெஷின் நன்றாக ஓடும், ஆனால் கரும்புகை வந்து பிளக் கரி பிடிக்கிறதா? அப்போதுதான் உயரத்தின் விளைவு தெரிகிறது என்று அர்த்தம். உங்கள் மாடலுக்கு மலைப்பகுதிக்கான சிறிய மெயின் ஜெட் கிடைக்குமா என்று கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். அதைப் போட்டபின் மெஷினைக் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஓட்டக்கூடாது, பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும்.

ஜெட் சுத்தமாகியும் மாற்றம் இல்லை, கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுக்கிறது என்றால், கடைசியாக ஓட்டியபோது பிளேடு கல்லிலோ மரவேரிலோ அடித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) ஷாஃப்ட்டோடு பொருத்தி நிறுத்தும் சிறிய உலோகத் துண்டான கீ அந்த அடியில் அரைகுறையாக வெட்டுப்பட்டு, ஸ்பார்க் நேரம் தவறிப்போயிருக்கலாம். அந்தக் கீ விலை சொற்பம்தான். ஆனால் ஃப்ளைவீலைக் கழற்ற, அதை இழுத்து எடுக்கும் புல்லர் என்ற கருவி வேண்டும், சுத்தியலால் தட்டி எடுக்கும் கடையில் கொடுக்காதீர்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணையும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். அப்புறம் கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிட்டு ஷெட்டில் ஏற்றுங்கள். கேனில் வாங்கி வைக்கும் பெட்ரோலையும் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.