டேட்டாபேஸ் கத்துக்க எதப் படிக்கிறது? நம்ம ராம்நாடு பக்கத்து ஆளுங்க கேள்வியும் என் பதிலும்

டேட்டாபேஸ் (தகவல அடுக்கி வச்சுத் தேடி எடுக்கற எடம்), சாஃப்ட்வேர் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்துட்டேன். அம்பது லிங்க் குடுத்தா யாரும் படிக்க மாட்டீங்க, அதனால யாருக்கு எது உண்மையிலேயே உதவுமோ அத மட்டும் சொல்றேன்.

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி: அண்ணே, அப்பா கூட போட்டுக்குப் போறேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் சும்மாதான் இருப்பேன். லேப்டாப் கிடையாது, போன் மட்டுந்தான். எஸ்க்யூஎல் கத்துக்க முடியுமா?

தாராளமா முடியும் தம்பி, எஸ்க்யூஎல்ங்கறது டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற பாஷைதான். எஃப்-டிராய்ட்ங்கற ஆண்ட்ராய்ட் ஆப் கடைல இருந்து, கமாண்ட் அடிக்கற டெர்மக்ஸ் ஆப்ப இறக்கி அதுல எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸப் போட்டுக்க, ஒரு தடவ இறக்கிட்டா அப்புறம் நெட்டே வேணாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஒரு ஃபைல்தான். யாரோ எழுதுன கம்பெனி ஊழியர் டேபிளெல்லாம் வச்சுப் பழகாத. உனக்குத் தெரிஞ்ச கணக்கப் போடு: ஒரு டேபிள்ல கடலுக்குப் போன தேதி, டீசல் செலவு, ஐஸ் செலவு, இன்னொரு டேபிள்ல அன்னைக்குக் கெடச்ச இறால், நண்டு, கணவாய், சங்காயம் எத்தன கிலோ, என்ன வெல. எந்தெந்த நாள் கைக்காசு போச்சுன்னு நீயே ஒரு குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) எழுதி எடுத்துட்டீன்னா ரெண்டு டேபிளச் சேக்கற ஜாயின், வகவகையாக் கூட்டற குரூப் பை ரெண்டும் வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பிஜி எக்சர்சைசஸ் சைட்ல இருக்கற கணக்க ஒவ்வொண்ணா போடு, ஃப்ரீதான்.

கீழக்கரை, காலேஜ் கடைசி வருசம்: காக்கா (அண்ணே), வீடியோ பாக்குறதா புக் படிக்கிறதா?

ரெண்டும் பண்ணும்மா, ஆனா யாரோடதுன்னு பாத்துப் பண்ணு. கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஆண்டி பாவ்லோ நடத்துற டேட்டாபேஸ் கிளாஸ் முழுசா யூடியூப்ல கெடக்குது, சப்டைட்டில் போட்டு மெதுவா பாரு. படிக்கிறதுக்கு போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸோட சொந்த மேனுவல், பிடிஎஃபா இறக்கிக்கலாம். மொத்தமும் வேணாம், 11ஆவது அத்தியாயம் இண்டெக்ஸ் (தேடறத வேகமாக்கற அட்டவண), 13 ஒரே நேரத்துல நெறைய பேர் எழுதுனா என்னாகும்ங்கறது, 14 வேகம், இந்த மூணையும் உக்காந்து படிச்சுட்டு இன்டர்வியூவுக்குப் போ.

தேவிபட்டினம், வீட்ல இருந்து வேல: குவெரி ரொம்ப ஸ்லோ, இண்டெக்ஸ் போட்டும் கேக்கல.

குவெரிக்கு முன்னாடி எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பாருங்க, குவெரி எப்டி ஓடுச்சுன்னு காட்டும், இத்தன ரோ (டேபிள்ல ஒரு வரி) வரும்னு டேட்டாபேஸ் நெனச்ச எண்ணும் நெசமா வந்த எண்ணும் ரொம்பத் தள்ளி இருந்தா அங்கதான் பிரச்சன இருக்கும். ஆனா அப்டேட், டெலீட்டுக்கு அதப் போட்டா நெசமாவே ஓடி டேட்டாவ மாத்திரும், டிரான்சாக்‌ஷன் தொறந்து வச்சுட்டு போட்டுப் பாத்து ரோல்பேக் பண்ணிருங்க, செஞ்ச மாத்தம் ரத்தாயிரும். எந்த ரோ வேணும்னு சொல்ற வேர் (WHERE) பக்கத்துல காலத்த (column), எழுத்தப் பெருசாக்குற அப்பர் (UPPER) மாதிரி ஃபங்ஷனுக்குள்ள போட்டா சாதாரண இண்டெக்ஸ் உதவாது. இதுக்கெல்லாம் மார்க்குஸ் வினாண்டோட யூஸ் தி இண்டெக்ஸ் லூக் சைட் இருக்கு, நான் திரும்பத் திரும்பப் போற எடம். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர் வச்சிருக்கறவங்க, பிரெண்ட் ஓசார் ஃப்ரீயா குடுக்கற, சர்வர்ல என்ன கோளாறுன்னு காட்டற எஸ்பி பிளிட்ஸ ஓட்டிப் பாருங்க.

தொண்டி: அண்ணே, தமிழ்ப் பேரு எல்லாம் கேள்விக்குறியா வருது. வர்றதும் அகர வரிசைல வரமாட்டேங்குது.

நம்ம பாஷைக்கான கேள்வி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எஸ்க்யூஎல் சர்வர்னா காலம் என்வார்கார் (எல்லா மொழி எழுத்தும் நிக்கற வகை) ஆக இருக்கணும், எழுதுற வார்த்தைக்கு முன்னாடி N-ங்கற இங்கிலீஷ் எழுத்து போடணும், ரெண்டுல ஒண்ணு விட்டாலும் கேள்விக்குறி ஆயிரும், சேவ் ஆயிட்டா பழைய எழுத்து திரும்ப வராது. மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ்ல பழைய யூடிஎஃப்8ங்கற எழுத்து முறைல தமிழ் நிக்கும், எமோஜி நிக்காது, யூடிஎஃப்8எம்பி4 தான் வைக்கணும், 8.0ல இருந்து அதுவே டிஃபால்ட். ஆரக்கிள் டேட்டாபேஸ்ல காலத்தோட அளவப் பாருங்க. மீனாட்சின்னா கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுத்த பட்டியல்) 8 குறி, ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 24. காலத்தோட அளவ VARCHAR2(20)ன்னு போட்டா டிஃபால்ட்டா பைட் கணக்குதான், மீனாட்சி உள்ள போக மாட்டா, 20 CHARனு எழுதணும்.

வரிசைக்கு வர்றேன். யூனிகோட்ல ன இருக்கறது ந பக்கத்துல, நம்ம நெடுங்கணக்குல ன கடைசி. அதனால வெறும் குறி வரிசைல அடுக்குனா அமுதாவுக்கு முன்னாடி அனிதா வந்துருவா. போஸ்ட்கிரஸ்ல டிஏ-எக்ஸ்-ஐசியூ (ta-x-icu) கொலேஷன், அதாவது வரிசைப்படுத்தற விதி, குடுத்தீங்கன்னா அமுதா முன்னாடி, அனிதா பின்னாடின்னு சரியா வரும். வாக்காளர் பட்டியலோ ரேஷன் லிஸ்ட்டோ எதுவா இருந்தாலும் நம்ம சனங்க பேரு நம்ம வரிசைலதான் வரணும், தயவுசெஞ்சு இத யாரும் சின்ன விசயம்னு விட்டுராதீங்க.

மண்டபம், கருவாட்டு ஏவாரம்: பில்லிங் டேட்டா தெனமும் பேக்கப் ஆகுது, போதும்ல?

அதுல இருந்து டேட்டாவ ரீஸ்டோர் பண்ணி, அதாவது திரும்ப எடுத்துப் பாத்தீங்களா அண்ணே? புரோகிராம் கோட் வைக்க எடம் குடுக்கற கிட்லேப் கம்பெனி 2017 ஜனவரி 31ல ஆன கதைய அவங்களே ஒளிக்காம எழுதி வெளியிட்டிருக்காங்க, அதப் படிங்க. தப்பான சர்வர்ல டேட்டா ஃபோல்டர அழிச்சுட்டாங்க. பேக்கப் இருக்குல்லன்னு போய்ப் பாத்தா, சர்வர் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுத்த டூல் 9.2, அதனால அது வேலையே செய்யல, ஃபெயில் ஆச்சுன்னு சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. யதேச்சையா ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. மாசம் ஒரு தடவ வேற மிஷின்ல ரீஸ்டோர் பண்ணி, நேத்து போட்ட பில்லு அதுல இருக்கான்னு பாருங்க. நம்மது புயல் வர்ற கரை, ஒரு காப்பி மதுரையிலயோ கிளவுட்லயோ இருக்கட்டும்.

துபாய்ல இருந்து ஏர்வாடிக்காரர்: தம்பி, இப்பதான் ஏஐ இருக்கே, அதக் கேட்டா ஆகாதா?

கேளுங்க காக்கா, நானும் கேக்குறேன். ஆனா எந்த வெர்ஷனுக்குப் பதில் சொல்லுதுன்னு பாக்கணும், மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 8.0ல இருக்கற விண்டோ ஃபங்ஷனப் போட்டுக் குடுத்துரும், ஓடாது. உங்க டேட்டாபேஸோட மேனுவல்ல அந்தப் பக்கத்தத் தொறந்து சரிபாத்துட்டுத்தான் புரொடக்‌ஷன்ல போடுங்க. மனுசங்ககிட்ட கேக்கணும்னா ஸ்டாக் எக்ஸ்சேஞ்ல டிபிஏவுக்குன்னே (டேட்டாபேஸப் பாத்துக்கறவங்க) தனிப் பகுதி இருக்கு, அங்க வெர்ஷன், டேபிள் அமைப்பு, நாலு ரோ மாதிரி டேட்டா, எக்ஸ்ப்ளெய்ன் அவுட்புட் எல்லாம் சேத்துப் போடுங்க. கம்பெனி டேட்டாவ மட்டும் ரெண்டு எடத்துலயுமே ஒட்டாதீங்க.